கதவு திறந்த பிறகு: முதன்முறை வேட்பாளர் மக்களைச் சந்திப்பது எப்படி?

மாநிலச் சட்டமன்றம், மாகாண சபை, மாவட்ட மன்றம் என்று பெயர் எதுவானாலும், வட்டார அளவிலான பதவிக்கு நிற்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வார்டு உறுப்பினரைப் போல எல்லோரையும் முகம் தெரிந்து வைத்திருக்கும் அளவுக்குத் தொகுதி சிறியதாக இருக்காது. தேசியத் தலைவரைப் போலத் தொலைக்காட்சியில் தோன்றியே வாக்கு வாங்கிவிடும் வசதியும் கிடைக்காது. வேட்பாளர் நேரில் வர வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பார்கள். எல்லா வீட்டுக்கும் போக அவரால் முடியாது.

எப்படிக் கைகூப்புவது, எப்படிச் சிரிப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். இங்கே நான் அதிகம் பேசப்போவது நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. வாசலில் பேசுவது பாதி வேலைதான். கேட்டதை எழுதி, விசாரித்து, பதிலோடு மறுபடி அதே வாசலுக்குப் போவது மீதிப் பாதி. புதியவர்களில் பெரும்பாலோர் முதல் பாதியிலேயே களைத்துவிடுகிறார்கள்.

சட்டம் தெரியாமல் படியேறாதீர்கள்

வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பது உலகெங்கும் அனுமதிக்கப்பட்ட காரியம் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் அது குற்றம். 1925-இல் வந்த தடை இன்றைய தேர்தல் சட்டத்திலும் தொடர்கிறது. அங்கே வேட்பாளர்கள் காலை வேளையில் ரயில் நிலைய வாசலில் நின்று, வேலைக்குப் போகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதைப் பார்க்கலாம். தென் கொரியாவிலும் இப்படியொரு தடை உண்டு. கனடாவில் நிலைமை நேர்மாறு: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை வேட்பாளர் வாக்குச் சேகரிப்பதை நிர்வாகத்தினர் தடுக்கக் கூடாது என்று அந்நாட்டின் கூட்டாட்சித் தேர்தல் சட்டமே சொல்கிறது. அமெரிக்காவில் கதவைத் தட்டலாம். ஆனால் தபால்தலை ஒட்டாத துண்டறிக்கையை வீட்டுத் தபால்பெட்டிக்குள் போட்டால் சட்டமீறல். பிரிட்டனில் வாக்கைக் குறிவைத்து ஒருவருக்குச் சாப்பாடோ பானமோ வாங்கிக் கொடுப்பதற்கென்றே தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது.

இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை ஒரு தடவையாவது உட்கார்ந்து படித்துவிடுங்கள். பணமும் பரிசும் கொடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதும் அதே சட்டத்தில் ஊழல் நடவடிக்கைதான். வேட்பாளரின் மதம் மட்டுமா, கேட்கப்படும் வாக்காளரின் மதமும் இதில் சேருமா என்ற கேள்விக்கு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், சேரும் என்று தீர்ப்பளித்தது. “நாமெல்லாம் ஒரே ஆட்கள்தானே” என்று வாசலில் நைச்சியமாகப் பேசும் தொண்டர் உங்கள் குழுவில் இருந்தால், முதல் நாளே அவரை உட்காரவைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.

தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வீடு வீடாகச் செல்ல அனுமதி தேவையா? எந்த நேரம் வரை போகலாம்? துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் எப்படி இருக்க வேண்டும்? செலவுக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? பிரச்சாரம் எப்போது ஓய வேண்டும்? வாய்மொழிப் பதிலை நம்பிக் களத்தில் இறங்கினால், பிறகு தகராறு வரும்போது கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

எத்தனை வாசல், எத்தனை நாள்

தொகுதியில் 60,000 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாசலுக்கு, நடப்பதையும் சேர்த்து, மூன்று நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 20 வீடு. தினமும் நான்கு மணி நேரம் சளைக்காமல் நடந்தால் 80 வீடு. முழுத் தொகுதியையும் முடிக்க 750 நாட்கள் வேண்டும். பூட்டிய வீடுகளைக் கழித்தாலும், மூன்று நிமிடத்தில் உருப்படியாக எதுவும் பேச முடியாது என்பதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஆக, தேர்ந்தெடுத்துத்தான் போக வேண்டும். முந்தைய தேர்தலின் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது படிவம் 20-இல் கிடைக்கும். வித்தியாசம் குறைவாக இருந்த சாவடிகள், வாக்குப்பதிவு மந்தமாக இருந்த சாவடிகள் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். நீங்கள் நேரில் போக வேண்டியவை இந்த இரண்டிலும்தான் இருக்கின்றன. ஆதரவாளர்கள் நிறைந்த தெருவில் மாலை போட்டு வரவேற்பார்கள். மனதுக்கு இதமாக இருக்கும். அங்கே கழியும் மாலை நேரம் உங்களுக்கு ஒரு புதிய வாக்கையும் கொண்டுவராது.

நேரில் போவதால் என்ன பலன் என்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களிடம் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இருவர் நடத்திய சோதனையில், நேரில் சென்று பேசியது வாக்குப்பதிவைக் கணிசமாக உயர்த்தியது. தொலைபேசி அழைப்புகளால் பலன் இல்லை. இதைச் சொல்லித்தான் எல்லோரும் தொண்டர்களை உற்சாகப்படுத்துவார்கள். அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். மனதை மாற்றுவது வேறு கதை. அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் நடந்த 49 களச் சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, யாருக்கு வாக்களிப்பது என்ற முடிவைப் பிரச்சாரச் சந்திப்புகள் மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது என்று சொன்னது.

நமக்கு இன்னும் நெருக்கமானது இத்தாலியின் 2014 நகராட்சித் தேர்தலில் நடந்த சோதனை. 26,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலர் வீட்டுக்கு வேட்பாளர்களையும், சிலர் வீட்டுக்குத் தொண்டர்களையும் அனுப்பினார்கள். தொண்டர்கள் போன இடத்தில் வாக்குப்பதிவு 1.8 சதவீதப் புள்ளி கூடியது. வேட்பாளர்கள் போன இடத்தில் கூடவில்லை! அவர்கள் தங்கள் சொந்த வாக்கைக் கூட்டிக்கொண்டார்கள். அதுவும் தங்கள் அணியின் வேட்பாளர் பட்டியலிலேயே இருந்த மற்றவர்களிடமிருந்து. எப்படியும் வாக்களிக்கப் போகிறவர்களிடம் “எனக்குப் போடுங்கள்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். ஒரே பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்கும் வாக்களிக்கும் விருப்பு வாக்கு முறை உள்ள இலங்கை போன்ற நாடுகளில் போட்டியிடுபவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். வாக்களிக்கப் போவதா வேண்டாமா என்று அலுத்திருப்பவரிடம் முதலில் பேச வேண்டியது உங்கள் வேட்பாளர் எண்ணைப் பற்றி அல்ல.

உங்கள் பதவியால் எது முடியும்?

இதை ஒரே பக்கத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பத்திகள் போதும்: நான் போட்டியிடும் அவையின் அதிகாரத்தில் உள்ளவை, உள்ளாட்சியின் கையில் உள்ளவை, தேசிய அரசின் கையில் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, புகார் கொடுக்க வேண்டிய அலுவலகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் சொல்லும்போது “அது என் அதிகாரத்தில் வராது” என்று கைவிரித்தால் முகம் சுண்டிவிடும். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று தலையாட்டினால் பொய்யாகிவிடும். பட்டியல் கையில் இருப்பவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்யலாம்: எந்த அலுவலகம், எந்த எண் என்று எழுதிக் கொடுத்து, புகார் எண் வாங்கும்படி சொல்லலாம். வாங்கியாயிற்றா என்று பிறகு கேட்கவும் செய்யலாம்.

யாரோடு, எப்போது

உங்களையும் சேர்த்து மூன்று பேருக்கு மேல் ஒரு வாசலில் நிற்க வேண்டாம். பேசுவது நீங்கள், எழுதுவது இன்னொருவர், அந்தத் தெருவை அறிந்தவர் மூன்றாமவர். பதினைந்து பேர் கொடியோடு வந்து நின்றால் வீட்டுக்காரர் எதையும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய புகாராக இருந்தால் நிச்சயம் சொல்ல மாட்டார். ஊர்வலம் வேண்டுமானால் அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வார நாட்களில் மாலை, இருட்டுவதற்கு முன். விடுமுறை நாளில் முற்பகல். சாப்பாட்டு வேளையில் போகாதீர்கள். தனியாகப் போகவே கூடாது. பெண் வேட்பாளர், ஆண் வேட்பாளர் என்ற பேதம் இதில் இல்லை. எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பது அலுவலகத்தில் ஒருவருக்காவது எப்போதும் தெரிந்திருக்கட்டும். வாசலில் நாய் இருந்தால் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே குரல் கொடுங்கள்.

வாசலில்

அழைப்புமணியை ஒரு தடவை அடித்துவிட்டு இரண்டடி பின்வாங்கிச் சற்று ஒதுங்கி நில்லுங்கள். கதவைத் திறப்பவரின் முகத்துக்கு நேரே ஒரு அந்நியர் நிற்பது யாருக்கும் பிடிக்காது. உள்ளே அழைத்தாலும் வாசலிலேயே பேசுவது நல்லது. நடக்க முடியாத முதியவர் உள்ளே இருக்கிறார் என்றால் மட்டும், இருவராகப் போங்கள். குழந்தை கதவைத் திறந்தால், பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

பெயர், என்ன பதவிக்கு நிற்கிறீர்கள், ஏன் வந்தீர்கள். இந்த மூன்றையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். “உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” என்பது உதவாத கேள்வி; “ஒன்றும் இல்லை” என்று பதில் வரும். “இந்தத் தெருவில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?” என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

நல்ல உரையாடல் ஒன்று எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனையான ஒரு வாசல்:

“ஓட்டுக் கேட்டு வந்தீர்களா? போன தடவை வந்தவரும் பஸ் விடுகிறேன் என்றுதான் சொன்னார்.”

“எந்த பஸ் அம்மா?”

“காலை ஏழே காலுக்கு வரும். பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போவார்கள். நின்று ஒரு வருடம் ஆகிறது.”

“அடியோடு நிறுத்திவிட்டார்களா, நேரத்தை மாற்றிவிட்டார்களா?”

“அது தெரியாது தம்பி. இப்போது எட்டரைக்கு ஒன்று வருகிறது. அதில் போனால் முதல் வகுப்பு போய்விடும்.”

இந்த இடத்தில் புதியவர்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். போக்குவரத்துத் துறையின் சீரழிவு, கட்சியின் கொள்கை, பத்து அம்சத் திட்டம் எல்லாம் வாய்க்குள் வரிசையாக நிற்கும். விழுங்கிவிடுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்:

“ஏழே கால் பஸ், பள்ளிப் பிள்ளைகள், ஒரு வருடமாக இல்லை, எட்டரைக்கு வருவது தாமதம். சரியா அம்மா? என்ன காரணம் என்று போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கிறேன். வியாழக்கிழமைக்குள் நானோ இவரோ வந்து சொல்கிறோம். பஸ் வந்துவிடும் என்று இப்போது சொல்ல மாட்டேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் வேண்டும். அதைச் சொன்னால்தான் அதற்கு முந்தைய வாக்கியத்தை அவர் நம்புவார்.

வீட்டில் யார் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பல வீடுகளில் ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிடுவார். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52-இல், வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்களைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்க வேண்டி வந்தது. இன்று பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. வாசலில் குரல்தான் வருவதில்லை. பட்டியலைப் பார்த்து, உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லி, அவருடைய கருத்தையும் கேட்க விரும்புவதாகச் சொல்லுங்கள். முதன்முறை வாக்களிக்கும் இளைஞர்களிடமும் இப்படியே. தகப்பனார் முன்னால் அவர்கள் வாய்திறக்கத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். துண்டறிக்கையில் உங்கள் எண் இருக்கிறது.

கோபமாகப் பேசினால்

கோபப்படுகிறவர் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார் என்று பொருள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறவரைவிட அவரிடம் பேச விஷயம் இருக்கிறது. குறுக்கிடாமல் முழுதாகக் கேளுங்கள். உங்கள் கட்சி செய்த தவறைச் சொன்னால், அது தவறாக இருக்கும் பட்சத்தில் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். எதிர்க்கட்சி அதைவிட மோசம் என்ற பதில் யாரையும் குளிர்வித்ததில்லை.

கருத்து வேற்றுமை கூர்மையாக இருக்கும் விஷயங்களில் வாதாடி வெல்ல முயல்வது வீண். மயாமியில் டேவிட் புரூக்மன், ஜோஷ்வா கல்லா இருவரும் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு மாற்று வழியைக் காட்டுகிறது. திருநர் மீதான வெறுப்பைப் பற்றி வாசலில் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். புள்ளிவிவரத்தை அடுக்காமல், கதவைத் திறந்தவர்களையே, தாங்கள் ஒதுக்கப்பட்ட, மட்டம் தட்டப்பட்ட அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். மனமாற்றம் குறைந்தது மூன்று மாதம் நீடித்தது. அது தேர்தல் வாக்கைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் எதிர்க்கருத்துள்ளவரிடம் எப்படிப் பேசத் தொடங்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

குடித்திருப்பவர், மிரட்டுபவர், வம்புக்கு இழுப்பவர் ஆகியோரிடம் இந்த விதி எதுவும் செல்லாது. வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

நோட்டுப் புத்தகம்

ஒரு வீட்டுக்கு ஒரு வரி. வீட்டு எண், பேசியவர், அவர் சொன்ன விஷயம், நாம் தருவதாகச் சொன்ன பதில், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு. ஆதரவு நிலையை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணால் குறிப்பது அமெரிக்காவில் வழக்கம்: தீவிர ஆதரவாளர் ஒன்று, தீவிர எதிர்ப்பாளர் ஐந்து. புதியவர்கள் எல்லோரையும் ஒன்று, இரண்டு என்றே போட்டுவிடுவார்கள். மரியாதையாகப் பேசியவரெல்லாம் நம் பக்கம் என்று நினைப்பதுதான் காரணம். தெளிவாக வாயால் சொல்லாதவரை மூன்று என்றே குறியுங்கள்.

சாதி, மதம், நோய், குடும்பத் தகராறு எதையும் எழுதாதீர்கள். நோட்டு தொலைந்துபோய் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்தால் எந்த வரிக்காகத் தலைகுனிய நேருமோ, அந்த வரி அதில் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவரின் அரசியல் கருத்தே தனிப் பாதுகாப்புக்குரிய தகவல். கைபோன போக்கில் பதிந்துவைக்க முடியாது.

அன்றிரவே உட்கார்ந்து பிரிக்க வேண்டும். மறுநாள் காலை என்று தள்ளினால் “மேற்கே மூன்றாவது வீடு, தண்ணீர்” என்று எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று எழுதியவருக்கே புரியாது. உடனே விசாரிக்கக்கூடியவை ஒரு பக்கம். வென்றால் அவையில் எழுப்ப வேண்டியவை இன்னொரு பக்கம். ஒரே புகார் ஏழெட்டு வீடுகளில் வந்தால், அந்தத் தெருவுக்கு அடுத்த முறை போகும்போது பேச்சை அதிலிருந்தே தொடங்கலாம். உங்கள் தேர்தல் அறிக்கையின் நல்ல வரிகள் இந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

சொன்ன வியாழக்கிழமை வந்துவிட்டது, அலுவலகத்தில் பதில் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? அப்போதும் போங்கள். “கேட்டேன், இன்னும் சொல்லவில்லை, மறுபடி திங்கட்கிழமை கேட்கிறேன்” என்பதும் ஒரு பதில்தான். நீங்கள் போக முடியாவிட்டால் முதல் நாள் கூட நின்று எழுதியவரையே அனுப்புங்கள். புது ஆளை அனுப்பினால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வெளியே

சந்தை, பேருந்து நிறுத்தம், தொழிற்சாலை வாசல் ஆகிய இடங்களில் முகத்தைப் பதியவைக்கலாம். மனதைக் கேட்க நேரம் இருக்காது. கைகுலுக்கி, பெயர் சொல்லி, துண்டறிக்கை கொடுத்து நகருங்கள். யாராவது நின்று பேச விரும்பினால் எண்ணை வாங்கிக்கொண்டு தனியாகச் சந்தியுங்கள்.

நடைப்பயணம் பெரிய தொகுதிக்கு ஏற்ற உத்தி. 1974-இல் அமெரிக்காவின் டென்னசி மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்ற லாமர் அலெக்சாண்டர், 1978-இல் அந்த மாநிலத்தின் குறுக்கே 1,022 மைல் நடந்தார், வென்றார். இல்லினாயில் டேன் வாக்கர் 1971-இல் மாநிலம் முழுதும் நடந்து அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் வென்றார். நடந்ததால் மட்டுமே வென்றார்கள் என்று சொல்ல முடியாது. நடப்பதில் ஒரு வசதி இருக்கிறது: காரில் போகிறவரை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை.

கடைசி நாட்கள்

புதிய வாசல்களைத் தேடிப் போவதை வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். நோட்டில் பதில் சொல்லப்படாமல் நிற்கும் வரிகளை முடியுங்கள். பிறகு ஆதரவாளர்களிடமும், போவதா வேண்டாமா என்று இருப்பவர்களிடமும் மூன்றே விஷயம் பேசுங்கள்: எந்தச் சாவடி, எத்தனை மணிக்குப் போகப் போகிறார்கள், கொண்டுபோக வேண்டிய அடையாள அட்டை கையில் இருக்கிறதா. இந்தியாவில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டமும் ஊர்வலமும் கூடாது. வாக்குப்பதிவு நாளன்று சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்கக் கூடாது. தொண்டர்கள் உற்சாகத்தில் இந்த எல்லையை மறந்துவிடுவார்கள். எல்லையைக் குறிக்கும் சுண்ணாம்புக் கோடு எங்கே என்று நீங்களே போய்க் காட்டிவிடுங்கள்.

முடிவு வந்த பிறகு நோட்டை மறுபடி திறங்கள். வென்றால், தேதி போட்ட ஒவ்வொரு வரியும் உங்கள் அலுவலகத்தின் முதல் கோப்பு. தோற்றால், தீராத புகார்களைத் தனியாக எழுதி வென்றவரின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். புகார் சொன்னவர்களுக்கும் அனுப்பிய விவரத்தைத் தெரிவியுங்கள். ஆதரவு எண்களையும், தொடர்பில் இருக்கச் சம்மதிக்காதவர்களின் தொலைபேசி எண்களையும் அழித்துவிடுங்கள்.